சுண்டுவிரலில் இரும்புக் குழாய்

1

மலேசியாவில், ஈப்போவில் என்னைத் தெரிந்தவர்கள் இன்று என்னைப் பார்த்தால் முதலில் என் சுண்டுவிரலைப் பற்றித்தான் கேட்பார்கள். இடது கைச் சுண்டுவிரலில் இரண்டரை அங்குல நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய் மாட்டியிருக்கிறேன். நோய்க்காக இல்லை, கிட்டாருக்காக. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் இதை ஏதோ வேண்டுதல் என்று இன்னமும் நம்புகிறார். எத்தனை நாளைக்குப் போட்டிருக்க வேண்டும் என்று அவ்வப்போது விசாரிப்பார்.

கொல்லிமலைக்கு வந்து இந்த மாதத்தோடு ஒன்பது வருடம் முடிகிறது. இங்கே சில ஊர்கள் சேர்ந்தால் அதை நாடு என்பார்கள்; திண்ணனூர் நாட்டில் ஒரு மேட்டின் மேல் எங்கள் வீடு. சுற்றிலும் மிளகு, காப்பி, கொஞ்சம் மரவள்ளி. என் கணவர் வரதராசு இந்த மலைக்காரர். ஈப்போவில் பன்னிரண்டு வருடம் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கேதான் எங்கள் கல்யாணம் நடந்தது, அங்கேதான் மகள் தர்ஷினி பிறந்தாள். அவருடைய அப்பா படுக்கையில் விழுந்தபோது மிளகுக் காட்டைப் பார்க்க ஆள் இல்லை என்று கிளம்பி வந்தோம். "ஒரு வருசம் இருந்து பார்த்துட்டு வரலாம்" என்ற பேச்சு இருந்தது. அதைச் சொன்னது அவரா நானா என்று இப்போது இரண்டு பேருக்கும் நினைவில்லை. மாமனார் போய்ச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது.

வந்த முதல் வாரம் காலையில் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களிடம் ரொம்ப மரியாதையாக, "தண்ணி கலக்கட்டுங்களா?" என்று கேட்டேன். நம் ஈப்போவில் அதற்குத் தேத்தண்ணியோ கோப்பியோ போட்டுத் தரட்டுமா என்று அர்த்தம். இங்கே தண்ணி கலப்பது சாராயக்கடை விஷயம். ஒரு பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏனுங்க, காலங்காத்தாலயேவா?"

வரதராசு சிரித்துச் சமாளித்தார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் வாயைத் திறப்பதற்கு முன் வாக்கியத்தை உள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். தமிழ் பேசத் தெரிந்த ஒருத்தி தமிழ் பேசும் ஊரில் இப்படி ஆவாள் என்று யார் நினைத்தது?

2

கல்யாணத்துக்கு முன்னால் நானும் என் கூடப்பிறந்த மோகன் அண்ணனும் கல்யாண மண்டபங்களில் வாசித்துக்கொண்டிருந்தோம். அவர் கீபோர்டு, நான் கிட்டார். இங்கே வரும்போது துணிமணியைக் குறைத்துக்கொண்டு அந்த எலெக்ட்ரிக் கிட்டாரையும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரையும் தூக்கிக்கொண்டு வந்தேன். காட்டு வேலை முடிந்து மத்தியானம் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் வாசிப்பேன்.

இரண்டரை வருடத்துக்கு முன்பு நடவுக்காக மரவள்ளிக் குச்சியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது அரிவாள் நழுவி இடது கையில் விழுந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டு விரலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அந்த இரண்டும் மடங்கவில்லை, தொட்டாலும் உணர்ச்சி இல்லை. கிட்டாரில் கம்பியை முக்கியமாக அழுத்துபவை அந்த இரண்டு விரல்கள்தான். கிட்டார்ப் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து அண்ணன் போனில் கேட்டார்.

"சுண்டுவிரல் மடங்குதா?"

"அது மடங்குது."

"அப்ப அழுத்தாம வாசி. சுண்டுவிரல்ல ஒரு குழாய மாட்டி, கம்பி மேல வழுக்கிட்டுப் போ. ஸ்லைடு கிட்டார். அழுத்தவே வேணாம் லா."

வரதராசுவிடம் சொன்னேன். என் சுண்டுவிரலை நூலால் அளந்தார், பம்புசெட்டுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஸ்டீல் பைப்பில் ஒரு துண்டு அறுத்தார், விளிம்பை அரத்தால் தேய்த்துத் தேய்த்து மழமழவென்று ஆக்கினார். மாட்டிப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். பெட்டியை அவரே கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக் கொடுத்தார்.

3

முதல் மாதம் நான் வாசித்தது எனக்கே பிடித்திருந்தது. காரணம் ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் கெயின் என்கிற குமிழ். அதைத் திருப்பிக் கூட்டினால் ஒலி கரகரத்துத் தடிமனாகும், ஒவ்வொரு சுரமும் இழுத்துக்கொண்டு நிற்கும். போனில் பதிவு செய்து அண்ணனுக்கு அனுப்பினேன். தர்ஷினிதான் போனைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணனின் பதில் குரல் செய்தியாக வந்தது. "கெயின சுத்தமா மூடிட்டு வாசி. கரகரப்புல உன் தப்பெல்லாம் பாட்டு மாதிரியே கேக்குது. எனக்கு சுத்தமான சத்தம் வேணும்."

மூடி வாசித்தேன். நான் வாசிப்பதுதானா இது என்று இருந்தது. குழாய் கம்பியில் உரசும் சத்தம், தொடாத கம்பிகள் தாமாக அதிரும் சத்தம், குழாய்க்குப் பின்னால் தலைப்பக்கம் மிச்சமிருக்கும் கம்பி முனகும் சத்தம். நடுவில் எங்கேயோ பாட்டு. சுதியும் நிற்கவில்லை. விரலால் அழுத்தும்போது பிரெட் என்கிற உலோகக் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால் அழுத்த வேண்டும். குழாய் அந்தக் கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். முப்பது வருடப் பழக்கம் என் கையைப் பின்னாலேயே இழுத்தது. ஒவ்வொரு சுரமும் ஒரு மயிரிழை குறைவாக விழுந்தது.

பின்பக்க முனகலை அடக்க ஒரே வழிதான் உண்டு. குழாய்க்குப் பின்னால் மற்ற விரல்களை நீட்டிக் கம்பியின் மேல் லேசாகப் படுக்க வைக்க வேண்டும். மடங்காமல் நீட்டியே கிடக்கிற என் இரண்டு விரல்களுக்கு அது பொருத்தமான வேலைதான். ஆனால் அவை கம்பியில் படுகின்றனவா இல்லையா என்று எனக்குத் தெரியாது. குனிந்து பார்த்தால் தெரியும், பார்த்த அந்த நொடியில் குழாய் பிசகிவிடும். அதனால் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முனகல் கேட்டால் விரல் படவில்லை. பாட்டே செத்துப்போனால் ரொம்ப அழுத்திவிட்டேன்.

ஒன்றரை வருடம் இதுதான் நடந்தது. மலையின் ஈரப்பனியில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். தர்ஷினி மாதம் ஒருமுறை கழற்றிப் புதுக் கம்பி மாட்டி, சுதி கூட்டிக் கொடுப்பாள். வாரம் ஒரு பதிவு ஈப்போவுக்குப் போகும். திருத்தம் வரும். எதற்காக இதைச் செய்கிறேன் என்று ஜெபா டீச்சர் ஒருமுறை கேட்டார். தர்ஷினியின் பள்ளிக்கூடத்து டீச்சர், நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாற்றலாகி இங்கே வந்தவர். "எங்கயாச்சும் வாசிக்கப் போறீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப?" என்றார்.

4

தர்ஷினிக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்த மாதம் அது. நல்ல மார்க். நாமக்கல்லில் சேர்வதா சேலத்தில் சேர்வதா என்று நானும் வரதராசுவும் பேசிக்கொண்டிருந்தோம். அவள் எதற்கும், "பாக்கலாம்மா" என்பாள்.

ஒரு காலையில் வரதராசு மிளகு மூட்டையோடு பேளுக்குறிச்சி சந்தைக்குப் போயிருந்தார். காற்று இல்லை. போனை மேசையில் சாய்த்து வைத்து நானே பதிவைத் தொடங்கினேன். தர்ஷினி அவளுடைய போனோடு வாசலில் இருந்தாள். எட்டு வரி மெட்டு ஒன்று, அண்ணன் சொல்லிக் கொடுத்தது. முழுக்க வாசித்தேன். முடிந்ததும் எனக்கே ஏதோ சரியாக விழுந்துவிட்டது போல இருந்தது.

ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். முனகல் இல்லை, உரசல் இல்லை. முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவே கம்பிகள் முழுதாக அடங்கி ஓர் அமைதி. ஒன்றரை வருடம் அந்த அமைதிக்காகத்தான் பாடுபட்டேன். அந்த அமைதிக்குள் வாசலிலிருந்து என் மகளின் குரல் கேட்டது.

"...இல்ல கீதா, அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

கீதா ஈப்போவில் இருக்கும் என் அண்ணன் மகள். இரண்டாவது வரி ஓடியது. அடுத்த இடைவெளியில் மறுபடி வந்தது.

"மாமா சொல்றேன்னுதான் சொன்னாரு, நாந்தான் வேண்டாம்னுட்டேன்... சீட்டு கெடச்சிருச்சு, ஆனா சர்ட்டிபிகேட்டுல அம்மா பேரு தப்பா இருக்குது..."

மூன்றாவது இடைவெளியில் அவள் சிரித்தாள். "எனக்கும் அதுதானே சொந்த ஊரு!"

எட்டு வயதில் விட்டு வந்த ஊர். அங்கே எங்கள் வீடு இருந்த தெருவின் பெயரைக் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியுமா?

அந்தப் பதிவை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியவில்லை. எது வலித்தது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். மகள் போகிறாள் என்பதா? நான் விட்டுவிட்டு வந்த ஊருக்கே போகிறாள் என்பதா? இல்லை, வாரம் தவறாமல் என் சுதியைத் திருத்திய அண்ணன் இதை மறைத்தார் என்பதா? நடுவில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதுதான் என்னை அதிகம் குழப்பியது.

பதிவை வெட்டாமல் அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். அவருக்கும் கேட்கட்டும் என்று. சாயங்காலம் பதில் வந்தது.

"ரொம்ப சுத்தமா இருக்கு. மூணாவது வரியில மட்டும் சுதி கொஞ்சம் கம்மி."

அவர் அந்தக் குரலைக் கேட்டாரா, கேட்கவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அவரிடம் கேட்கவும் இல்லை.

5

இரண்டு நாள் கழித்து தர்ஷினி எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். ஈப்போவில் ஒரு கல்லூரி, மருத்துவப் பரிசோதனைக் கூடத்துப் படிப்பு, மாமா வீட்டில் தங்கல். வரதராசு, "போயிட்டு வா சாமி" என்றார். நான் முதல்முறை கேட்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"அம்மா, உங்க பழைய மலேசிய ஐசி கார்டு, கல்யாண சர்ட்டிபிகேட், என்ற பொறப்பு சர்ட்டிபிகேட், மூணும் வேணும். உங்க பேரு ஐசியில புவனேஸ்வரி ஏ/பி முனியாண்டின்னும், ஸ்கூல் சர்ட்டிபிகேட்டுல ஏ.பி. புவனேஸ்வரின்னும் இருக்குது. ரெண்டும் ஒரே ஆளுதான்னு இங்க எழுதி வாங்கணும்."

நமக்குப் பழகிப்போன அந்த 'ஏ/பி', இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம், இங்கே எல்லோருக்கும் இனிஷியலாகத்தான் தெரியும். பள்ளியில் சேர்த்த அன்று எழுதியது அப்படியே பிளஸ் டூ வரை வந்துவிட்டது.

"எங்க வச்சேன்னு தெரியலையே" என்றேன்.

தெரியும். கிட்டார்ப் பெட்டியில் கம்பிப் பாக்கெட் வைக்கிற சின்ன அறைக்குள், ஒரு பிளாஸ்டிக் உறையில் மூன்றும் இருந்தன. வந்த நாளிலிருந்து அங்கேதான் வைத்திருக்கிறேன். அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று கேட்டால், யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. ஒருமுறை சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்கும் வழி தெரியவில்லை.

மூன்று வாரம். கடைசித் தேதி நெருங்கியது. வரதராசு தேட ஆரம்பித்தார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. பீரோவைக் காலி செய்தார். பரணில் இருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக இறக்கி உதறினார். மாமனாரின் இரும்புப் பெட்டியைத் திறந்து பட்டாக் காகிதங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டாம் நாள் மத்தியானம் தலை முழுக்க ஒட்டடையோடு என் முன்னால் வந்து நின்றார்.

"கட்டலுக்கு அடியில ஒருவாட்டி பாத்துரட்டுமா புவனா?"

அங்கேதான் பெட்டி இருந்தது. அவர் என்னிடம் அனுமதி கேட்டார். அதற்கு மேல் தாங்கவில்லை. "நான் பாக்குறேன்" என்று உள்ளே போய், பெட்டியைத் திறந்து, உறையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

தர்ஷினி காயப்போட்ட காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். உறையைப் பார்த்தாள்.

"கிட்டார்ப் பொட்டியிலயா?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் கம்பி மாத்துனேனே."

"அப்பவே ஏன் கேக்கல?"

அவள் கொட்டையைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "நீங்களே எடுத்துக் குடுப்பீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்மா."

"குடுக்கலைன்னா?"

"தெரியல. குடுக்கலைன்னா போகாம இருந்திருப்பேனோ என்னமோ." கொட்டையைப் பரப்பிவிட்டுச் சொன்னாள். "இப்பக் குடுத்துட்டீங்க. இனிப் போயாகணும்."

மூன்று வாரம் நான் அவளைத் தடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். நான் தடுக்கட்டும் என்று அவள் காத்திருந்தாளா? உறையை நீட்டியபடியே நின்றேன். அவள் கையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள், என் மடங்காத விரல்களை ஒருமுறை பிடித்து அழுத்திவிட்டு உள்ளே போனாள். அந்த அழுத்தத்தை நான் கண்ணால்தான் பார்த்தேன்.

6

தாலுகா ஆபீஸில் எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் காத்திருந்தார்கள். நாற்காலியில் இருந்தவர் சமவெளிக்காரர், பொறுமையான மனிதர். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏ.பி.ன்னா ஆந்திராங்களா?"

நான் வாக்கியத்தை உள்ளே சொல்லிப் பார்ப்பதற்குள் தர்ஷினி முந்திக்கொண்டாள். "இல்லீங்க சார். மகள்னு அர்த்தமுங்க. மலேசியாவுல அப்படித்தானுங்க எழுதுவாங்க."

"அப்ப புவனேஸ்வரியோட மக முனியாண்டியா?"

"முனியாண்டி மக புவனேஸ்வரிங்க."

அவர் சிரித்துவிட்டார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் அவர்களோடு சேர்ந்து சிரித்து, ஒரு பாட்டிக்கு மனு எழுதிக் கொடுத்து, இன்னொருவருக்கு எந்த ஜன்னல் என்று காட்டிவிட்டு வந்தாள். இந்த மலையில் அவளுக்கு எந்த வாக்கியத்தையும் ஒத்திகை பார்க்க வேண்டியதில்லை.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவர் கேட்டார். "கண்ணு, நீ இங்கத்த புள்ளதானே?"

அவள் கையில் மலேசியக் கடவுச்சீட்டு இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. பிறகு, "ஆமாங்க" என்றாள்.

சொன்னது பொய்யும் இல்லை. அந்தக் கடவுச்சீட்டும் பொய் இல்லை.

திருச்சி விமான நிலையத்தில் அவள் அழவில்லை. அவள் அப்பாதான் அழுதார். "வாரேன்மா" என்று மலைப்பேச்சில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஈப்போவில் இறங்கிய இரண்டாம் நாள் போன் செய்தாள். "நம்ம ஊட்டுல" என்று ஏதோ சொல்லப்போக, கீதாவும் அவள் தோழிகளும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "பேசறதுக்கே பயமா இருக்குதும்மா" என்றாள். வாக்கியத்தை முதலில் உள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

7

அவள் போய் நான்கு மாதம் ஆகிறது. கம்பியை இப்போது வரதராசு மாற்றுகிறார். வெல்டிங் கை, முடுக்கி முடுக்கி இரண்டை அறுத்துவிட்டார். அண்ணனுக்குப் பதிவு அனுப்புவதை நிறுத்தவில்லை. அவர் இப்போது அதிர்வைப் பற்றிச் சொல்கிறார்: ஒரு சுரத்தில் வந்து நின்றதும் குழாயை முன்னும் பின்னும் அசைக்க வேண்டுமாம், இரண்டு பக்கமும் ஒரே அளவு. எனக்கு ஒரு பக்கம்தான் அதிகம் போகிறது.

போன வாரம் காட்டில் வரதராசு மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று நாரைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏணியில் இருந்தபடியே, திரும்பாமல் கேட்டார்.

"நீயும் போறியா புவனா?"

நான் கிழித்த நாரை மேலே நீட்டினேன்.

"அங்க போயி புள்ளையோட இருந்துக்க. காட்ட நான் பாத்துக்கறேன். எத்தன மாசமுன்னாலும் சரி."

"இத்தன வருசமா ஒரு தடவகூட நீங்க இதைக் கேக்கல" என்றேன்.

அவர் முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு இறங்கி வந்தார். கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"உங்கூர்ல நான் பன்னெண்டு வருசம் இருந்தேனல்ல? யாராச்சும் ஊருக்குப் போறியான்னு கேட்டா எனக்குக் கோவம் வரும். போகச் சொல்றானேன்னு. ஒருத்தரும் கேக்கலைன்னாலும் கோவம் வரும். நமக்கு ஒரு ஊரு இருக்கறதே இவனுகளுக்கு நெனப்பில்லையேன்னு. ரெண்டுல எந்தக் கோவம் உனக்கு வருமோன்னு தெரியாமத்தான் இத்தன நாளு கேக்காம இருந்தேன்."

நான் நாரைக் கிழித்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. இரண்டில் அது எது என்று எனக்குத் தெரியவில்லை.